எழுத்துத் தொடரின் பூர்வீகம்

நூலகத்தின் மேல்மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் நீண்ட மேஜையருகே ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த இளைஞர் மாதிரி வினாத்தாளைப் பிரித்ததும், ஒரு கேள்வியையும் படிக்காமல், துண்டுக் காகிதம் ஒன்றில் ஏ முதல் எம் வரை மேல்வரிசையாகவும், மிகுதிப் பதின்மூன்று எழுத்துக்களைத் தலைகீழாக அவற்றின் கீழே ஏ-க்கு நேராக இசட் வரும்படியாகவும் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் எண்ணைப் போட்டார். மேலும் கீழும் கூட்டினால் எங்கும் 27. பிறகு ஐந்து எழுத்துக்களைச் சுற்றி வட்டமிட்டார்.

“இது என்ன மந்திரம், தம்பி?” என்று கேட்டேன்.

“ஈஜோட்டி சார். ஈ, ஜே, ஓ, டி, ஒய். அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது, இருபத்தஞ்சு. இது மனசுல இருந்தா விரல் விட்டு எண்ண வேண்டாம்.”

எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் கடபயாதி சங்கேதத்தால் ராகப் பெயரின் முதலிரண்டு அக்ஷரங்களிலிருந்தே மேளகர்த்தாவின் எண்ணைச் சொல்லிவிடும் நம் சங்கீத வித்வான்கள் இந்தப் பிள்ளையைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கொடுத்த எழுத்துக்களைப் பார்த்து அடுத்து வருவதைச் சொல்லச் சொல்லும் எழுத்துத் தொடர்க் கேள்வியை முதலில் உண்டாக்கியவர்கள் சந்தோஷப்படுவார்களா என்பது வேறு விஷயம்.

1917-இல் அமெரிக்கா முதல் உலக மஹாயுத்தத்தில் இறங்கியபோது, திரள் திரளாக வந்து சேர்ந்த ஜவான்களில் யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்ற சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு, ராபர்ட் யெர்க்ஸ் என்ற மனோதத்துவ நிபுணரின் தலைமையில் நியூ ஜெர்ஸி மாகாணத்து வைன்லாந்தில் கூடிய ஒரு சிறு குழு, ‘ஆர்மி ஆல்ஃபா’ என்ற புத்திப் பரீட்சையை வகுத்தது. அதன் எட்டுப் பகுதிகளில் ஒன்று, வரிசையாகக் கொடுத்த எண்களைப் பார்த்து அடுத்து வருவதை எழுதச் சொல்வது. யுத்தம் முடிவதற்குள் இந்தப் பரீட்சையையும், எழுத்தறியாதவர்களுக்கென்று அமைத்த ‘பீட்டா’வையும் சேர்த்து ஏறக்குறைய 17 லட்சம் பேர் எழுதினார்கள். தொடரை நிரப்பும் கேள்வி கூட்டம் கூட்டமாக மனிதரை அளக்கும் கோலாக ஆனது அப்போதுதான்.

அங்கே இருந்தவை எண்கள். எண் தொடரில் ஒரு தொல்லை உண்டு: வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்தவன், தொடரின் நியதியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இல்லாமலே கணக்குப் பழக்கத்தால் முந்திக்கொள்ளக்கூடும். சிகாகோ சர்வகலாசாலையில் இருந்த லூயி லியோன் தர்ஸ்டன், மின்சாரப் பொறியியல் பயின்று பின்னர் மனோதத்துவத்துக்கு வந்தவர். புத்தி என்பது மனோதத்துவ நிபுணர் ஸ்பியர்மன் சொன்னதுபோல் ஒரே பெரும் சக்தி அன்று, தனித்தனிச் சக்திகள் பலவற்றின் கூட்டு என்று கருதியவர். அவர் 240 மாணவர்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பரீட்சைகளைக் கொடுத்துக் கிடைத்த முடிவுகளை 1938-இல் வெளியிட்டார். உதாரணங்களைக் கொண்டு பொதுவிதியைக் கண்டெடுக்கும் அநுமான சக்தியை அளக்க அவருடைய பரீட்சைகளில் எழுத்துத் தொடரே முக்கிய கருவியாயிற்று. எழுத்துக்கு முன்பின் என்ற வரிசை ஒன்றைத் தவிர வேறு எந்தச் சுமையும் கிடையாது என்பது அந்தக் கருவிக்கு உள்ள அழகு. அந்த வரிசையும் பள்ளிக்கூடத்தில் கற்பதுதானே என்று கேட்டால், அந்த ஆட்சேபம் நியாயமானதே.

பி, சி, எக்ஸ், டி, ஈ, எக்ஸ், எஃப் என்று ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். முதலில் நம் கண்ணில் படுவது திரும்பத் திரும்ப வரும் எக்ஸ்தான். மூன்று எழுத்துக்கு ஒரு முறை தாளம் விழுகிறது என்பது அதனால் தெரிகிறது. எக்ஸை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவன அகராதி வரிசையில் நடக்கின்றன. ஆகவே அடுத்தது ஜி. இந்த நடையை ஒரு கணிப்பொறிக்கே கற்பிக்கலாம் என்று காட்டினார்கள், பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி நிலையத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சைமனும் கென்னத் கொடோவ்ஸ்கியும், 1963-இல் எழுதிய கட்டுரையில். மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அவர்கள் பார்த்தபோது வெளிப்பட்டது ரஸமானது: ஒரே சமயத்தில் எத்தனை இடங்களை ஞாபகத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தொடரின் கடினம் ஏறிற்று. இரண்டு எழுத்துக்கள் இரண்டு பாதைகளில் நடக்கத் தொடங்கினால் கெட்டிக்காரனும் ஒன்றை நழுவவிடுகிறான்.

நம் தேசத்தில் 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமானபின் குமாஸ்தா வேலைக்கு வந்து குவிந்த மனுக்களைச் சலிக்க ஒரு சல்லடை வேண்டியிருந்தது. 1975-இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி 1984-இல் தனி ஸ்தாபனமான வங்கிப் பணியாளர் தேர்வு நிலையம் அந்தச் சல்லடையைச் செய்து கொடுக்க, எழுத்துத் தொடர் அடங்கிய பகுதிக்குரிய ‘ரீசனிங்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ஊர்ச் சந்துகளில் பயிற்சி மையப் பலகைகளில் ஏறிற்று. விதியைக் கண்டுபிடிக்கச் சொன்ன கேள்விக்கு, விதிகளையெல்லாம் முன்கூட்டியே அச்சிட்ட கைடு புத்தகம் வந்துவிட்டது. கேள்வி தமிழில் இருந்தாலும் தொடரின் எழுத்துக்கள் ஆங்கிலமே. ஒருவகையில் அதுவும் சரிதான். க, கா, கி என்று பக்கவாட்டிலும் க, ங, ச என்று கீழ்நோக்கியும் ஓடும் நம் 247 எழுத்துக்களில் ஒரு தொடர் அமைத்தால், சைமன் சொன்ன ஞாபகப் பாரம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

எதிரே இருந்த இளைஞர் பத்துக் கேள்விகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்தார். பதினோராவதில் பென்சில் நின்றது. அவர் கண்கள் துண்டுக் காகிதத்துக்குப் போய் வெறுமே திரும்பின, உதடு அசைந்தது, விரல் ஒரு எழுத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தயங்கிற்று. கைடில் இல்லாத தொடர் போலும்.

“இது டைம் எடுக்கும் சார், கடைசியில பாத்துக்கலாம்” என்று சொல்லி, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பன்னிரண்டாவதற்குப் போனார்.