பூட்டும் முத்திரையும்: சரக்குந்துப் பாதுகாப்பில் ஒரு மாற்றம்

சரக்குந்தின் கதவில் தொங்கும் பூட்டு, திறவுகோலை வைத்திருப்பவர்மீது கொண்ட நம்பிக்கையைச் சார்ந்தது. எல்லை கடக்கும் சாலைப் போக்குவரத்தில் இந்நம்பிக்கை போதவில்லை; ஒவ்வொரு நாட்டின் சுங்கத்துறையும் சரக்கைத் தானே சோதிக்க விரும்பியது. இதனால் நேர்ந்த தாமதத்தைக் குறைக்க 1949இல் சில ஐரோப்பிய நாடுகள் தொடங்கிய ஏற்பாடு, 1959இல் டிஐஆர் உடன்படிக்கையாக வளர்ந்து, 1975இல் புதிய வடிவம் பெற்றது. இந்தியா 2017இல் அதில் இணைந்தது.

இம்முறையில் புறப்படும் நாட்டுச் சுங்கத்துறை சரக்கறைக்கு முத்திரையிடுகிறது. இடைநாடுகள் பொதுவாக அம்முத்திரையையே சரிபார்க்கின்றன. தடயமின்றிச் சரக்கை எடுக்க இயலாதவாறு சரக்கறை அமைந்திருப்பதும் கட்டாயமாகும்.

பூட்டு திருட்டைத் தடுக்கும். முத்திரை திறப்பைக் காட்டிக்கொடுக்கும். மழையிலும் புழுதியிலும் துருவேறும் பூட்டைத் துடைத்து எண்ணெயிட்டுப் பேண வேண்டும். முத்திரைக்குத் திறவுகோலும் இல்லை, மறுபயனும் இல்லை; அதன் எண் ஆவணத்தோடு பொருந்தினால் போதும். எனினும் வழியில் அது அறுபட்டால் அதிகாரிகளிடம் உடனே தெரிவிக்கும் கடமை சரக்கைக் கொண்டுசெல்வோருடையது. ஆகவே முத்திரை பூட்டின் காவற்பணியை ஏற்கவில்லை, சான்றுப்பணியையே ஏற்றது. சரக்கைக் காக்கும் பொறுப்பு இன்றும் ஓட்டுநரிடமே எஞ்சியுள்ளது எனலாம்.