சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம்

விருதுநகர், சிவகாசிப் பகுதிகளிலுள்ள நம் அன்பர் பலர் கழுகுமலைக்குச் சென்று, ஆங்குப் பாறையிற் புடைத்து நிற்கும் சமண உருவங்களைக் கண்டிருப்பர். அவை செதுக்கப்பெறுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே சமணத் துறவியர் தமிழ்நாட்டுக் குன்றுகளில் உறைந்தனர். அப்பழங்காலத்தார் ஏறிச்சென்ற ஒரு படிவரிசையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது சித்தன்னவாசல் குன்று. செல்வோர் பெரும்பாலும் அறிவர் கோயிலின் ஓவியங்களைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். குன்றின்மேல் ஏறி உச்சியைக் கடந்து கிழக்குப்புறஞ் சென்றாலன்றி ஏழடிப்பட்டம் புலப்படாது. சரிந்து வழுக்கும் பாறையில் அடி ஊன்றுமளவே வெட்டிய ஏழு பள்ளங்கள். பெயரும் அவற்றால் வந்ததே. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் படிகளைப்போலப் பெருங்கூட்டம் ஏறுதற்கு இவை அமைந்தன அல்ல. ஒருவர்பின் ஒருவராகவே செல்லலாம். கைப்பிடிக் கம்பி இல்லாத அந்நாளில், கமண்டலமும் மயிற்பீலியுமன்றி வேறு சுமை உடையார்க்கு அவ்வழி ஏற்றதாயிராது!

அப்பால் இயற்கையாய் அமைந்த குகைத்தளம். அதனுள் 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் மேடு விட்டு மெருகேற்றியிருக்கின்றனர். கருங்கல்லில் வேலை செய்து பழகிய நம்மவர்க்கு, உளியைக் காய்ச்சிக் காய்ச்சிக் கூர்தீட்டிய அவ்வுழைப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

யாருக்காக இவ்வுழைப்பு? பெரிய படுக்கையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு விடை கூறுகிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டென்பர். எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பார்க்குச் சிறுபோசில் இளையர் செய்தளித்த இருக்கை என்பது அதன் பொருள். எருமைநாடாவது இக்காலத்து மைசூர்ப் பக்கம். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குத் தமிழ்நாட்டார் இடமளித்துள்ளனர்.

பழைய கல்வெட்டொன்று கிடைத்தால் ‘இஃது எக்குலத்தார் செய்தது?’ என்று முதலில் வினவுவது நம்போன்ற சங்கங்களின் வழக்கமாகிவிட்டது. ‘நம் முன்னோரே’ என்று எழுதிவிடும் துணிவும் சிலர்க்கு உண்டு. இக்கல்வெட்டோ கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் ஊரையும் பேரையும் சொல்லுகின்றதேயன்றிக் குலத்தைச் சொல்லவில்லை. சொல்லாததை நாம் ஏற்றியுரைப்பது வரலாறாகாது.

பல நூற்றாண்டு கழிந்த பின்னும் அவ்விடம் வறிதாகவில்லை. திருநீலன், திருச்சாத்தன், திருப்பூரணன் முதலிய பெயர்கள் பிற்காலத் தமிழெழுத்தில் ஏனைய படுக்கைகளின் அருகே வெட்டப்பட்டுள்ளன. அவர்களும் அந்த ஏழு பள்ளங்களிலேயே கால்வைத்துச் சென்றவர்கள்.