மாத்தளைப் பாடசாலைகளும் போட்டி மைதானமும்

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் ஆராய்வது வழக்கம். அவற்றோடு வைத்து நோக்கத்தக்க இன்னுமொரு சான்றும் உண்டு. எந்தப் பாடசாலை எந்தப் பாடசாலையுடன் ஓடவும் பந்தடிக்கவும் இடம்பெற்றது என்பதே அது. போட்டியில் சேர்ந்தோரின் வரிசை காலந்தோறும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தினூடே சமுதாயத்தின் மாற்றத்தையும் காணலாம். மாத்தளை மாவட்டம் இதற்கு ஏற்ற உதாரணமாகும்.

அமெரிக்காவிலே சிறு கல்லூரிகள் தாமாகவே ஒன்றுகூடி விளையாட்டுச் சங்கங்களை அமைத்துக் கொண்டன. மிச்சிகன் மாநிலத்தில் 1888 ஆம் ஆண்டு அல்பியன், ஒலிவெட், ஹில்ஸ்டேல் ஆகிய கல்லூரிகளும் மாநில விவசாயக் கல்லூரியும் சேர்ந்து உண்டாக்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. அந்த விவசாயக் கல்லூரி 1907 இல் விலகிச் சென்று, பின்னர் பெரும் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே சேர்வதும் பிரிவதும் கல்லூரிகளின் விருப்பம். இலங்கையிலோ அந்த வரிசையை வகுத்தது பெரும்பாலும் அரசின் கல்விக் கொள்கையே.

தொடக்கத்தில் இங்கும் நிலைமை வேறாகவே இருந்தது. கொழும்பில் இன்று றோயல் கல்லூரி எனப்படும் பாடசாலையின் மாணவரும் புனித தோமையர் கல்லூரி மாணவரும் 1880 இல் கிரிக்கெட்டில் மோதினர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904 இல் ஆரம்பமாயிற்று. ஒரு கல்லூரி தனக்கு நிகரென்று கருதிய மற்றொரு கல்லூரியை அழைத்து விளையாடிய காலம் அது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததும் 1880 ஆம் ஆண்டிலேயே. மலையகத்தின் பெரிய கல்லூரிகள் அப்போது மாத்தளைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. ஆயினும் அழைப்புக் கிடைத்தது ஆங்கிலம் கற்பித்த, கட்டணம் வாங்கிய பாடசாலைகளுக்கே. தாய்மொழிப் பாடசாலைப் பிள்ளை அவ்வட்டத்துக்கு வெளியே நின்றான்.

இந்நிலையை மாற்றிய முதற் பெருஞ் செயல் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகள், நகரத்துப் பழைய கல்லூரிகளோடு சரிநிகராக நிற்கத் தொடங்கின. அடுத்து 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் வசமாயின. மாத்தளை புனித தோமையர் கல்லூரியும் இன்று அரசாங்கப் பாடசாலையே. சமய நிறுவனம் எதுவாயிருப்பினும், போட்டிக்குரிய தகுதியைத் தீர்மானிப்பது கல்வித் திணைக்களம் என்றாயிற்று.

எனினும் வட்டம் அப்போதும் முழுமை பெறவில்லை. மாத்தளை நகரின் அயலிலும் இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை மலைச்சரிவுகளிலும் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தொழிலாளரின் பிள்ளைகள், தோட்ட நிருவாகத்தின் கீழிருந்த பாடசாலைகளிற் கற்றனர். 1907, 1920 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டங்களில் கல்வி வசதி அளிக்க வேண்டுமென விதித்தன. ஆயினும் அப்பாடசாலைகளிற் பல, ஓரிரு ஆசிரியருடன் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. நாட்டின் பொதுக் கல்வி அமைப்புக்குப் புறம்பாயிருந்த பாடசாலைக்கு அவ்வமைப்பின் போட்டியில் இடமேது? 1972, 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பின்னரே தோட்டத்துப் பிள்ளையும் பாடசாலையின் பெயர் பொறித்த சட்டையணிந்து பிற பாடசாலைகளுக்கு எதிரே ஓட வழி பிறந்தது. இலவசக் கல்விக்கும் இந்த வாய்ப்புக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கடந்துவிட்டது.

1987 இல் மாகாண சபைகளுக்கான சட்டம் வந்தது. கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு மாத்தளையும் மத்திய மாகாணத்தில் அடங்கியது. மாத்தளை, நாவுல, கலேவெல, வில்கமுவ எனக் கல்வி வலயங்கள் நான்கு இம்மாவட்டத்தில் உள்ளன. இல்லங்களுக்கிடையிலான போட்டியில் தெரிவாகும் மாணவர் கோட்ட மட்டத்திலும், பின் வலய மட்டத்திலும் போட்டியிட்டு, மாகாணத்தைக் கடந்து அகில இலங்கைப் போட்டிவரை ஏறுகின்றனர். மத்திய அமைச்சின் கீழுள்ள தேசியப் பாடசாலையும் மாகாண சபையின் கீழுள்ள சிறு வித்தியாலயமும் இந்த ஏணியில் ஒரே படியிலிருந்தே புறப்படுகின்றன.

இதன் பயன் விளையாட்டோடு முடிவதன்று. 1950களில் இடைநிலை வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறியதிலிருந்து சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலேயே கற்று வருகின்றனர். மாத்தளை நகரில் விஜய கல்லூரியும், பாக்கியம் தேசியக் கல்லூரியும், சாஹிராக் கல்லூரியும் வெவ்வேறு சமூகத்தாரின் பிள்ளைகளை வளர்க்கின்றன. வகுப்பறையிற் சந்திக்காத பிள்ளைகள் ஓட்டப் பாதையிலே சந்திக்கின்றனர். தோற்றவன் வென்றவனின் கையைப் பற்றும்போது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

ஆயினும் வரிசையில் இடம் கிடைத்ததே சமத்துவம் என்று எண்ணுதல் பொருந்தாது. மலைச்சரிவில் அமைந்த சிறு பாடசாலைக்கு நானூறு மீற்றர் ஓட்டப் பாதை அமைக்கச் சமநிலம் கிடைப்பது அரிது. பயிற்சி தரும் ஆசிரியரும், போட்டிக்குச் செல்ல வாகனச் செலவும் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கதவைத் திறக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. திறந்த கதவால் உள்ளே வந்த பிள்ளைக்கு ஓடிப் பழக நிலம் கொடுப்பதே இனிச் செய்யவேண்டிய கடமை.