ஓர் எண்ணும் இரு காரணிகளும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துச் சென்ற கதையை நேயர்கள் அறிவீர்கள். அப்பலகையில் 64-க்குப் பதில் 67 கட்டங்கள் இருப்பின், மணிகளின் மொத்தத் தொகை 147,573,952,589,676,412,927 ஆகும். இரண்டை 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் இதுவே. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைப் பற்றிய ஒரு தவறான கூற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமல் நின்றது.

பாரிஸ் நகரில் வாழ்ந்த மாரின் மெர்சென் என்னும் துறவி, 1644-இல் வெளியிட்ட நூலில், இவ்வகை எண்களுள் எவை பகா எண்கள் என ஒரு பட்டியல் தந்தார். ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். அறுபத்தேழுக்குரிய எண்ணும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு அவர் நிரூபணம் தரவில்லை; எனினும், இத்துணைப் பெரிய எண்ணைக் கையால் வகுத்துச் சோதிப்பது எளிதன்று.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூகாஸ் இக்கூற்றைத் தகர்த்தார். பகா எண்கள் யாவும் கட்டுப்பட வேண்டிய விதி ஒன்றுக்கு இவ்வெண் கட்டுப்படவில்லை எனக் காட்டினார். ஆயினும், அதனை வகுக்கும் எண் யாது என்பதை அம்முறை சொல்லவில்லை. குற்றம் நிகழ்ந்தது உறுதி. குற்றவாளி யார் என்பதுதான் தெரியவில்லை!

இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இது தேடலைப் பெரிதும் சுருக்கும் விதி. அப்படியிருந்தும், சிறிய காரணி அவ்வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் மறைந்திருந்தது. ஒவ்வொன்றாக வகுத்துப் பாராமல், வர்க்க எச்சங்களின் துணைகொண்டு அதனைக் கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31-இல் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் அவர் தம் முடிவை வெளியிட்டார்:

193,707,721 × 761,838,257,287.

அன்று கோல் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் இப்பெருக்கலைச் செய்து காட்டிவிட்டு இருக்கையில் அமர்ந்தார் என்றும், அவையினர் கரவொலி எழுப்பினர் என்றும் ஈ. டி. பெல் 1951-இல் எழுதினார். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின எனக் கோல் தம்மிடம் கூறியதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

கண்டுபிடிக்க ஆண்டுகள் சென்றன. சரிபார்க்க, பெருக்கத் தெரிந்த எவர்க்கும் சிறிது நேரமே போதும். இருபத்தோர் இலக்க எண்ணை இன்றைய கணிப்பொறி நொடிப் பொழுதில் பகுத்துவிடும். ஆயினும், பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்களில் இவ்வேற்றுமை இன்றும் நிலைபெற்றுள்ளது. அதனையே அடிப்படையாகக் கொண்டு, 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர் இரகசியச் செய்திகளைக் காக்கும் முறையொன்றை வகுத்தனர். எதற்கும் பயன்படாதது எனத் தோன்றிய தேடல், பிற்காலத்தில் பூட்டும் திறவுகோலும் ஆயிற்று.