கிரெனோபிள் சாசனம் பிறந்த கதை

பிரெஞ்சு மாணவர் தேசிய ஒன்றியம் 1907இல் லீல் நகரில் பிறந்தது. ஊருக்கு ஊர் இருந்த மாணவர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு அது. அந்த நாளில் மாணவர்களின் பெரிய பயம் காசநோய். குளிர் ஏறிய வாடகை அறை, அரை வயிற்றுச் சாப்பாடு, ராத்திரிப் படிப்பு. இருமலில் ரத்தம் வந்துவிட்டால் படிப்பு போச்சு. பல சமயம் உயிரும் போகும். மாணவர்களுக்கென்றே ஒரு சானடோரியம், அதாவது காசநோய் மருத்துவமனை, வேண்டும் என்று 1923இல் ஒன்றியம் முயற்சியில் இறங்கியது. பத்து ஆண்டுப் பாடுபட்டு, 1933இல் கிரெனோபிளுக்கு அருகே மலைமேல் சேன் இலேர் என்ற ஊரில் அதைத் திறந்தார்கள். நோயாளிகள் அங்கே படுக்கையில் கிடந்தபடியே பரீட்சைக்குப் படித்தார்கள். பிற்காலத்தில் பெரும் விமரிசகரான ரோலான் பார்த்தும் போர்க்காலத்தில் அங்கே நோயாளியாக இருந்தவர்தான்.

பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் படுக்கை கிடைத்தது தயவால்தான், உரிமையால் அல்ல. 1930 முதலே ஆலைத் தொழிலாளிக்குக் காப்பீடு இருந்தது. 1945இல் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. சம்பளம் வாங்காத மாணவர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. நோய் வந்தால் அப்பா பணம்; அதுவும் இல்லாவிட்டால் தர்மம்.

1946 ஏப்ரலில் ஒன்றியத்தின் மாநாடு கிரெனோபிளில் கூடியது. நாட்டில் ரொட்டிகூட இன்னும் ரேஷனில்தான். வந்தவர்களில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கியவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஒன்றியம் காட்டிய தயக்கம் அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. லியோனிலிருந்து வந்த போல் பூஷே முன்னின்று வரைந்த சாசனம் அங்கே நிறைவேறியது. மாணவர் ஓர் இளம் அறிவுத் தொழிலாளி என்று அதன் முதல் விதி வரையறுத்தது. மற்றவை எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. இளைஞர் என்பதால் சமூகத்தின் தனிக் கவனிப்புக்கு உரிமை. தொழிலாளி என்பதால் நல்ல சூழலில் உழைக்கவும் ஓய்வெடுக்கவும், யார் கையையும் எதிர்பாராமல் வாழவும் உரிமை. கூடவே தன் துறையில் தேர்ச்சி பெறும் கடமை. அறிவுலகைச் சேர்ந்தவர் என்பதால் உண்மையைத் தேடும் உரிமை, சுதந்திரத்தை ஒடுக்குமுறையிலிருந்து காக்கும் கடமை. உரிமைக்குப் பக்கத்திலேயே கடமையையும் எழுதிவைத்தார்களே, அதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. சலுகைக்காகக் கையேந்துபவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.

இரண்டே ஆண்டில் பலன் தெரிந்தது. 1948 செப்டம்பரில் வந்த சட்டம் மாணவர்களைச் சமூகப் பாதுகாப்பில் சேர்த்தது. சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும் வேலையும் மாணவர்களே நடத்திய பரஸ்பர உதவிச் சங்கத்திடம் வந்தது. விடுதிகளையும் மாணவர் உணவகங்களையும் நடத்த 1955இல் சட்டப்படி உருவான பொது நிறுவனத்தின் நிர்வாகத்திலும் மாணவர் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். படிக்கும் எல்லாருக்கும் மாதப் படி என்ற கோரிக்கை மட்டும் நாடாளுமன்றம் வரை போயும் சட்டமாகவில்லை.

கடமைப் பக்கமும் சோதனைக்கு வந்தது, பிரான்ஸிடமிருந்து விடுதலை கேட்டு அல்ஜீரியா நடத்திய போரில். மாணவர் சங்கத்துக்கு அரசியல் எதற்கு என்று ஒன்றியத்துக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். மற்றவர்கள் சாசனத்தை எடுத்துக் காட்டினார்கள். பிரெஞ்சு அரசு தடைசெய்திருந்த அல்ஜீரிய மாணவர் ஒன்றியத்தோடு 1960இல் உறவைப் புதுப்பித்தார்கள். அரசு மானியத்தை நிறுத்தியது. அவர்கள் பின்வாங்கவில்லை; பேச்சுவார்த்தை மூலம் சமாதானம் வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று பாரிஸில் பெரும் கூட்டம் நடத்தினார்கள்.