எழுத்தில்லா மொழிகளின் குரல்: ஒலிப்பதிவுத் தொண்டூழியர்கள் கற்ற பாடம்

கிறிஸ்துவச் சமயப் பணியும் அச்சுக்கலையும் கைகோத்து வளர்ந்த வரலாற்றைத் தமிழர் நன்கறிவர். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இவை நிறைவேறியதற்குக் காரணம், தமிழுக்கு எழுத்து இருந்தது, படிப்போரும் இருந்தனர். ஆனால், எழுத்தே இல்லாத ஒரு மொழியைப் பேசும் மக்களிடம் புத்தகத்தைக் கொண்டுபோய் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடைதான் களத்தில் செய்யப்படும் ஒலிப்பதிவு.

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கினார். 1890ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர், மெழுகு உருளைக் கருவியுடன் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திற்குச் சென்று, பாசமகுவாடி பூர்வகுடியினரின் பாடல்களையும் கதைகளையும் பதிவு செய்தார். மக்கள் வாழும் இடத்திற்கே சென்று செய்த ஒலிப்பதிவுகளில் இதுவே மிகப் பழமையானது எனப்படுகிறது. இந்தியாவில் கிரியர்சன் நடத்திய மொழி அளவாய்வையொட்டி, 1913க்கும் 1929க்கும் இடையே பல மொழிகளின் பேச்சு இசைத்தட்டுகளில் பதியப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த அளவாய்வு எடுத்துக்கொண்ட பொதுக்கதை, பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை.

ஆய்வாளர்களின் கையில் இருந்த இந்தக் கருவியைச் சமயத் தொண்டின் கருவியாக மாற்றியவர் ஜாய் ரிடர்ஹோஃப் என்ற பெண்மணி. 1930ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டிற்கு ஊழியம் செய்யச் சென்ற அவர், மலேரியாவால் உடல்நலம் குன்றி 1936ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பினார். தாம் நேரில் போக முடியாவிட்டாலும் தம் குரல் போகலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. முதலில் ஸ்பானிய மொழியில் ஓர் இசைத்தட்டு உருவானது. 1939ஆம் ஆண்டில் ‘கோஸ்பல் ரெக்கார்டிங்ஸ்’ என்ற அமைப்பு பிறந்தது. இன்று ‘குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க்’ எனப்படும் அதனிடம் 6,000க்கும் அதிகமான மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பதிவுகள் உள்ளன.

ஸ்பானிய மொழியோடு பணி நின்றிருந்தால் சிக்கல் இருந்திருக்காது. நவாஹோ போன்ற பூர்வகுடி மொழிகளுக்கும், பின்னர் பிலிப்பீன்ஸ் மலைவாழ் மக்களின் மொழிகளுக்கும் சென்றபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. பதிவு செய்பவருக்கு அந்த மொழி தெரியாது. பேசுபவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருவருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். சில இடங்களில் இரண்டு மூன்று பேர். ஒரு வாக்கியம் சொல்லப்படும். அது மொழி மாறி மாறிப் பேசுபவரிடம் போய்ச் சேரும். அவர் தம் மொழியில் அதைச் சொல்வார். இப்படித் துண்டு துண்டாகவே ஒரு செய்தி முழுமை பெற்றது.

இசைத்தட்டில் நேரடியாகப் பதிந்த காலத்தில், ஒரு சொல் தவறினாலும் தட்டு வீணாகிவிடும். 1940களின் இறுதியில் காந்த ஒலிநாடா பரவலானதும் அந்தத் தொல்லை குறைந்தது. வேண்டாத இடத்தை வெட்டி, வேண்டிய இடத்தை ஒட்டலாம். ஆயினும், வெட்டி ஒட்டிய பேச்சு கேட்பவரின் காதுக்கு இயல்பாக இருக்க வேண்டுமே! வாக்கியத்துக்கு வாக்கியம் குரல் ஏறி இறங்கினால், கேட்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கருவியை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்கத் தெரிய வேண்டும் என்பதை இந்த அனுபவமே உணர்த்தியது.

ஆகவேதான் இத்தகைய பணிக்குப் புறப்படும் தொண்டூழியர்களுக்கு முறையான பயிற்சி தேவைப்படுகிறது. முதல் பாடம் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஊரிலேயே பெரிய கட்டடம் தேவாலயமாக இருக்கலாம். ஆனால் அதன் வெறுஞ்சுவர்களும் சிமெண்டுத் தரையும் எதிரொலியை எழுப்பும். ஓலை வேய்ந்த சிறு குடிசை அதைவிட மேலானது. தகரக் கூரையில் விழும் மழை, சேவல், மின் உற்பத்தி இயந்திரம், மாலையில் ஒலிக்கும் பூச்சிகள் இவை எந்நேரத்தில் ஓயும் என்று ஊராரைக் கேட்டறிய வேண்டும். அறைக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டாலே எதிரொலி பெருமளவு அடங்கிவிடும்.

இரண்டாவது பாடம் ஒலிவாங்கி. வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் அதை வைத்தால், ‘ப்’ போன்ற ஒலிகளில் வெளிப்படும் காற்று நேராக மோதாது. பதியும் அளவு உச்சத்தை எட்டிவிடாமல் 6 முதல் 12 டெசிபெல் இடைவெளி விட்டுக் கவனிக்க வேண்டும். அளவு மிஞ்சிச் சிதைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற தரத்தில், சுருக்கப்படாத கோப்பாகப் பதிவது நல்லது. யாரும் பேசாத அறையின் அமைதியையும் அரை நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் துண்டுகளை இணைக்கும்போது இடைவெளியை நிரப்ப அது உதவும். காதொலிக் கருவியை மாட்டாமல் பதிவு செய்வது, கண்ணை மூடிக்கொண்டு படம் எடுப்பதற்குச் சமம்.

இவை யாவும் ஓரிரு வாரங்களில் கற்கக் கூடியவை. கடினமான பாடம் மனிதரைப் பற்றியது. வேற்றூர்க்காரர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டியதும், வீட்டில் கலகலப்பாகப் பேசும் பாட்டியும் விறைத்துப்போவார். அவரை அவசரப்படுத்தக் கூடாது. முதலில் அவர் விரும்பும் ஒரு கதையைச் சொல்லச் செய்து, அதை அவருக்கே போட்டுக் காட்டினால் தயக்கம் தெளியும். இப்பதிவு எதற்காக, யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும் என்பதைச் சொல்லி, அவருடைய முழு இசைவைப் பெற வேண்டும். குரல் அவருடையது, அதை இரவல் வாங்குபவரே தொண்டூழியர்.

சரிபார்ப்பதோ இன்னும் முக்கியம். பதிவறையில் இல்லாத, அதே மொழி பேசும் வேறொருவருக்கு அதைப் போட்டுக் காட்டி, “என்ன புரிந்தது?” என்று கேட்க வேண்டும். சொன்னது ஒன்று, கேட்டவர் கொண்ட பொருள் வேறொன்று என்றால், எவ்வளவு தெளிவான ஒலியும் வீண்தான். மொழி அறியாதவர் மொழிபெயர்ப்பாளரை மட்டுமே நம்பிப் பதிவு செய்வதில் உள்ள பெரும் ஆபத்து இதுவே.

இந்த உழைப்பின் பயன் சமயத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிறு மொழிகள் பல, பேசுவோர் குறைந்து மறைந்து வருகின்றன. எழுத்தில்லாத ஒரு மொழி மறைந்தால், அதற்குப் பிறகு மிஞ்சுவது யாரோ எப்போதோ பதிந்த குரல் மட்டும்தான். இரைச்சலும் எதிரொலியும் நிறைந்த பதிவில் அம்மொழியின் நுண்ணிய ஒலிகளை நாளை பேரப்பிள்ளைகளும் அறிய முடியாது. மொழியியல் அறிஞர்களும் அறிய முடியாது. பேசியவர் மறைந்த பின் மறுபதிவுக்கு வழியேது?

அன்று ரிடர்ஹோஃபின் குழுவினர் கனத்த கருவிகளைச் சுமந்து சென்றனர். இன்று அவற்றைவிட நன்றாகப் பதியும் கருவி சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது. சுமை குறைந்திருக்கிறது; பொறுப்பு குறையவில்லை. எந்தச் சமயத்தின் பெயரால் சென்றாலும், ஒரு மக்களின் மொழியைப் பதிவு செய்யப் போகிறவர் அம்மொழிக்குரிய மரியாதையோடு செல்ல வேண்டும். நல்ல ஒலிப்பதிவு என்பது அந்த மரியாதையின் வெளிப்பாடே ஆகும்.