பௌதிக சாஸ்திரப் பட்டமும் பாட ஒழுங்கும்

வைகாசி பிறந்ததும் நம்மவர் இல்லங்களில் எழும் வினா ஒன்றே: பிள்ளையை எந்தக் கலாசாலையில் சேர்ப்பது? சேர்ந்த பின் எதை முன்னும் எதைப் பின்னும் கற்பது என்று வினவுவோர் மிகச் சிலரே. பௌதிக சாஸ்திரம் பயிலப் புகும் பிள்ளைக்கு முதல் வினாவினும் இரண்டாவதே பெரிது என்பதைச் சரித்திரங்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நாசரேத்தில் 1876 முதல் 1908-இல் தேகவியோகமாகும் வரை ஊழியம் செய்த மர்காஷிஸ் ஐயர், பாடசாலைகளையும் கைத்தொழிற் சாலையையும் வளர்த்தார். ஆயினும் பட்டப் படிப்புக்கு அக்காலத்துப் பிள்ளைகள் வெளியூர் செல்லவேண்டியிருந்தது. 1951-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. கலாசாலை தோன்றியது, பின்னர் நாசரேத்தை அடுத்த பிள்ளையன்மனையிலும் ஐயர் பெயரால் ஒரு கலாசாலை எழுந்தது. நம் பகுதிக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பும், 1857-இல் ஏற்பட்ட சென்னை சர்வகலாசாலையினின்று 1966-இல் மதுரைக்கும், 1990-இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலைக்கும் வந்தது. கலாசாலை அருகில் வந்துவிட்டது; பாட ஒழுங்கைப் பற்றிய கவலையோ இன்னும் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சென்னை இராஜதானிக் கலாசாலையில் 1904-இல் முதன்மையாய்த் தேறிய சர் சி. வி. இராமன், மேற்பட்டத்துக்குப் பயின்றபோது, ஆசிரியர் ஜோன்ஸ் துரை அவரை வகுப்பு நிர்ப்பந்தத்தினின்று பெரிதும் விடுவித்துச் சோதனைச் சாலையில் விருப்பம்போல் உழைக்கவிட்டார். முப்பட்டைக் கண்ணாடியின் கோணத்தை அளக்கும் சாதாரணப் பயிற்சியில் கண்ட ஒளிக் கீற்றுகளை அவர் ஆராய்ந்தார். அதன் பயனாய் எழுந்த கட்டுரை 1906-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவர்க்குப் பிராயம் பதினெட்டு.

அதே கலாசாலையில் பின்னர்ப் பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் விரும்பியது கணிதம். தந்தையார் விரும்பியது பௌதிகம். தந்தை சொற்படி பௌதிக ஆனர்ஸில் பெயர் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளுக்கும் அவர் சென்று அமர்ந்தார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, அவரது நூலை முற்றக் கற்றிருந்த இவ்விளைஞர் அவரை நேரில் கண்டார். அந்நூல் எழுதிய பின் அணுவைப் பற்றிய கொள்கையே மாறிவிட்டது என்று அவ்வறிஞர் எடுத்துரைத்தார். சந்திரசேகர் மனந்தளராது புதிய குவாண்டக் கொள்கையைத் தாமே கற்கத் தொடங்கினார். முன்னரே தேடிவைத்த கணிதம் அதற்குத் துணைநின்றது. 1930-இல் பட்டம் பெற்ற அவர்க்கு 1983-இல் நோபெல் பரிசு கிட்டிற்று.

இவற்றால் அறிவது யாதெனில், பாடத்திட்டம் வீட்டின் அஸ்திவாரமேயன்றிக் கூரையன்று. அதற்கும் ஒரு வரிசை உண்டு. வகையீடும் தொகையீடும் கைவந்த பின்னரே இயக்கவியல் தெளியும். திசையன் கணிதம் அறியாதார்க்கு மின்காந்தவியல் இருளாம். வகைக்கெழுச் சமன்பாடு பயிலாதார்க்குக் குவாண்டக் கொள்கை வெறும் மனப்பாடமாம். நம் கடற்கரையில் முற்காலத்தில் எடுத்துவந்த முத்துச் சிப்பியின் உட்புறத்து வர்ணஜாலத்தை 1930-களில் இராமன் ஆராய்ந்தார். மெல்லிய அடுக்குகளில் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அந்நிறங்களை விளைக்கின்றன. அதனை விளங்கிக்கொள்ள ஒளியியல் வேண்டும். அவ்வொளியியலுக்கு அலைகளின் கணிதம் முன்னே வேண்டும்.

மூன்றாண்டு, ஆறு பருவம் என அமைந்த பட்டப் படிப்பில் கணிதம் சார்புப் பாடமென்று பெயர் பெறுவதால், அதனைத் தேறினாற் போதும் என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். அப்பிழை வெளிப்படுவது மூன்றாம் ஆண்டில். அப்போது திருத்தக் காலமில்லை, மேற்பட்டத்தின் கதவும் பாதி அடைபட்டுவிடும். இராமனுடைய தந்தையார் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். வழிகாட்ட வீட்டிலேயே ஆளிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைப் படி ஏறும் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கின்றனர்?

அவ்விடத்தில் நிற்கவேண்டியவர்கள் நம் சங்கத்தாரே. பௌதிகம் பயின்ற அங்கத்தினர் கலாசாலை திறக்குமுன் ஒரு மாலைப்பொழுது புதிய மாணாக்கருடன் அமர்க. ஆறு பருவப் பாடங்களையும் ஒரே தாளில் எழுதி, எதற்கு எது முன்வேண்டும் என்று கோடிட்டுக் காட்டுக. தாம் பயின்ற புத்தகங்களையும் கொடுத்துதவுக. பெற்றோரும் மதிப்பெண்ணை மட்டும் கேளாது, "இந்தப் பருவம் என்ன கணிதம் கற்றாய்?" என்று கேட்பாராக. பணச்செலவில்லாத இவ்வுபகாரம் ஒரு பிள்ளையின் மூன்றாண்டுகளைக் காக்கும்.